மஞ்சக்குடி வாத்தியார்: சுவாமி தயானந்த சரஸ்வதி என்ன கற்பித்தார்?

தயானந்த சரஸ்வதி என்ற பெயரைத் தேடினால் முதலில் வருபவர் ஆரிய சமாஜத்தை நிறுவிய குஜராத்துக்காரர், 1883இல் காலமானவர். உருவ வழிபாட்டைக் கடுமையாக மறுத்தவர். இங்கே பேசப்போவது அவரைப் பற்றி அல்ல. குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் 1930 ஆகஸ்ட் 15 அன்று பிறந்து, 2015 செப்டம்பர் 23 அன்று ரிஷிகேஷில் மறைந்த இன்னொரு தயானந்த சரஸ்வதியைப் பற்றி. இவர் கோயில்களுக்காக உச்ச நீதிமன்றப் படி ஏறியவர்.

திருவாரூர், குடவாசல் பக்கம் இவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது மஞ்சக்குடியில் உள்ள கலை அறிவியல் கல்லூரி. கச்சேரி கேட்பவர்களுக்கு ரேவதி ராகத்து ‘போ சம்போ’. செய்தி படிப்பவர்களுக்கு, பிரதமர் மோடி தன் குரு என்று சொன்னவர். மூன்றும் உண்மைதான். ஆனால் அவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் தினமும் செய்த வேலை இந்த மூன்றிலும் இல்லை. அவர் பாடம் நடத்தினார். உபநிடதத்தையும் கீதையையும் சங்கரர் உரையோடு, வரி வரியாக, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிகிற வரை நடத்தினார். அவர் எழுதியவை, நிறுவியவை, சண்டை போட்டவை எல்லாவற்றையும் அந்த வகுப்பறையிலிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரியும் என்பது என் எண்ணம்.

இயற்பெயர் நடராஜன். அப்பா கோபால ஐயர், அம்மா வாலாம்பாள். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். குடவாசல் பள்ளிப் படிப்புக்குப் பிறகு, டெல்டாவின் மத்தியதரப் பையன்கள் எல்லோரும் செய்ததையே செய்தார்: பிழைப்புக்கு மெட்ராஸ் போனார். ‘தார்மிக ஹிந்து’ என்ற வார இதழில் வேலை பார்த்தார். வோல்கார்ட் பிரதர்ஸ் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். போர் விமானி ஆக வேண்டும் என்று விமானப்படையில் சேர்ந்து, அங்கிருந்த கட்டுப்பாடு ஒத்துவராமல் சீக்கிரமே வெளியே வந்தார்.

1950களின் தொடக்கத்தில் சுவாமி சின்மயானந்தர் சென்னையில் முண்டக உபநிடதம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதைக் கேட்க உட்கார்ந்தவர்களில் நடராஜனும் ஒருவர். சின்மயானந்தரும் பத்திரிகையாளராக இருந்தவர்தான். உபநிடதத்தை மடத்துக்கு வெளியே, பந்தல் போட்டு, ஆங்கிலத்தில், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வைத்தவர். 1953இல் சென்னையில் சின்மயா மிஷன் உருவானபோது நடராஜன் அதன் தொடக்க கால ஊழியர்களில் ஒருவரானார். மிஷனின் பத்திரிகை, அச்சு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். 1962இல் சின்மயானந்தரிடமே சந்நியாசம் வாங்கி தயானந்த சரஸ்வதி ஆனார்.

வெளிப்பார்வைக்கு ஒரே நேர்கோடு. உள்ளே ஒரு முறிவு இருந்தது. பல ஆண்டுகள் வேதாந்தம் கேட்டும் படித்தும் அவருக்கு ஒன்று பிடிபடவில்லை. புத்தகத்தில் படிப்பது வெறும் தகவல், அதற்கு மேல் தியானத்தில் ஓர் ‘அனுபவம்’ வர வேண்டும், அது வந்தால்தான் ஞானம் என்று அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த அனுபவம் எப்போது வரும், வந்துவிட்டால் எப்படித் தெரியும் என்ற கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை. ஆந்திராவில் குடிவாடாவில் இருந்த சுவாமி பிரணவானந்தரிடம் போனபோது அவர் முடிச்சை வேறு இடத்தில் அவிழ்த்தார். வேதாந்தச் சொல்லே ஒரு பிரமாணம், அதாவது அறிவைத் தரும் கருவி என்று காட்டினார். இதைத் தன் வாழ்க்கையின் திருப்பம் என்று தயானந்தர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன்பின் ரிஷிகேஷ் போய், சுவாமி தாரானந்த கிரியிடம், வேதாந்தத்தின் மூல நூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரம் படித்தார்.

இந்தப் பிரமாணம் என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவருடைய மொத்தப் போதனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

நிறத்தை அறியக் கண், ஒலியை அறியக் காது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அறிய அனுமானம். எந்தப் பொருளை அறிய எது கருவியோ, அதைத்தான் பயன்படுத்த முடியும். காதால் நிறத்தைப் பரிசோதிக்க முடியாது. சரி, பார்ப்பவனையே அறிவது எப்படி? கண்ணாலும் அனுமானத்தாலும் முடியாது. ஏனென்றால் அவை எல்லாமே ‘நான்’ என்பவன் கையில் இருக்கும் கருவிகள். அந்த ‘நான்’ தெரியாத பொருளும் அல்ல. நான் இருக்கிறேன் என்பதை யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. தெரிந்த ஒன்றைத் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதுதான் சிக்கல். தப்பைத் திருத்தப் புது அனுபவம் எதற்கு? சரியான சொல்லைச் சரியானபடி சொல்ல ஓர் ஆள் போதும்.

இதற்கு அத்வைத மரபு, அதாவது ‘நானும்’ பரம்பொருளும் இரண்டல்ல என்று சொல்லும் சங்கரரின் வேதாந்த மரபு, காலங்காலமாகச் சொல்லும் கதை பத்தாவது ஆள் கதை. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஒன்பதுதான் வருகிறது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் வந்து, ‘பத்தாவது ஆள் நீதான்’ என்கிறான். அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டபின் பத்தாவது ஆளை ‘அனுபவிக்க’ அவன் தியானத்தில் உட்கார வேண்டியதில்லை. தொலைந்ததாக நினைத்தவன் அங்கேயே நிற்கிறான். இருப்பது கைக்கு எட்டிய பொருளானால், அதைப் பற்றிய சொல் நேரடி அறிவையே தரும் என்பது தயானந்தர் இந்தக் கதையிலிருந்து எடுக்கும் பாடம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதே எண்ணிக்கைக் குழப்பம் வேறு வழியில் தெரியும்: பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்துவிட்டு எண்ணிப் பார்த்து ஒப்பாரி வைக்கும் கதை. அதை எழுதிய வீரமாமுனிவர் கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில், நெடுங்காலம் இருந்தவர். அங்கே அது மூடர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கான கதை. வேதாந்தியிடம் அது நம் எல்லோரையும் பற்றிய கதை. நம்மைப் பார்த்து யாரும் சிரிக்காததற்குக் காரணம் எல்லோரும் ஒன்பது என்றே எண்ணுவதுதான்.

தமிழ் வேதாந்தத்திலும் இது புதிதல்ல. மஞ்சக்குடிக்குப் பக்கத்து வட்டமான நன்னிலத்தில் இருந்த நாராயண தேசிகரின் மாணவர் தாண்டவராய சுவாமிகள் இயற்றிய ‘கைவல்லிய நவநீதம்’ இதே பத்தாவது ஆள் கதையை எடுத்து, அறியாமை தொடங்கி ஆனந்தம் முடிய ஏழு நிலைகளாக விரிக்கிறது. அந்த நூலின் அமைப்பே குருவும் சீடனும் கேள்வி பதில் நடத்துவதுதான். இரண்டாம் பகுதிக்குப் பெயரே ‘சந்தேகம் தெளிதற் படலம்’. கும்பகோணத்துக்கு அருகே திருவிசநல்லூரை மராத்திய மன்னர் சகஜி 1693இல் 46 பண்டிதர்களுக்கு மானியமாகக் கொடுத்ததும் இதே வட்டாரம்தான். டெல்டா என்றால் நெல்லும் கோயிலும் சங்கீதமும் என்று அடுக்குகிறோம். சொல்லைப் பிரித்துப் பொருள் பார்த்து, எதிர்க்கேள்வி போட்டு, விடை தேறும் வரை விடாத பாடம் நடத்தும் பழக்கமும் இந்த மண்ணில் அதே அளவுக்கு ஊறியது. தயானந்தர் இந்த நூல்களின் வழியாக வந்தவர் என்று நான் சொல்லவில்லை. அவர் குடிவாடா போய்க் கண்டுபிடித்தது தன் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தமிழில் இருந்தது என்பது மட்டும் கொஞ்சம் வேடிக்கை.

1970களில் மும்பை பவாயில் உள்ள சாந்தீபனி சாதனாலயத்தில் அவர் நீண்ட காலப் பாடத்திட்டம் ஒன்றை நடத்தினார். சுமார் மூன்று ஆண்டு. தங்கிப் படிக்க வேண்டும். சமஸ்கிருத இலக்கணம், உபநிடதங்கள், கீதை, பிரம்ம சூத்திரம், எல்லாம் சங்கர பாஷ்யத்தோடு, அதாவது சங்கரர் உரையோடு. இரண்டு அணிகள் படித்து வெளியே வந்தன. 1979இல் கலிபோர்னியாவில் பியர்சி என்ற இடத்தில் அதேபோல் ஒன்று. இவை எல்லாம் சின்மயா மிஷனுக்குள் நடந்தவை. 1982இல் மிஷனை விட்டு வெளியே வந்துவிட்டார். ஒரு பெரிய அமைப்பின் நிர்வாகப் பாரம் இல்லாமல் வாத்தியாராக மட்டும் இருக்கலாம் என்று நினைத்தவர்தான். பிறகு 1986இல் பென்சில்வேனியாவின் சேலர்ஸ்பர்க்கில் ஒரு குருகுலம், 1990இல் கோவை ஆனைகட்டியில் இன்னொன்று, ரிஷிகேஷ் ஆசிரமம், அறக்கட்டளைகள் என்று கடைசியில் அவர் கட்டியதும் சின்ன அமைப்பாக இல்லை. இந்த ஊர்ப் பெரியவர்கள் பாஷையில், விட்ட குறை.

பாடம் கேட்டவர்கள் யார் என்பதுதான் முக்கியம். சங்கர பாஷ்யத்தை மரபு முறையில் படிப்பது அதுவரை பெரும்பாலும் மடத்துச் சந்நியாசிகளுக்கும் பாடசாலைப் பையன்களுக்கும் மட்டும் வாய்த்தது. தயானந்தர் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், எல்லா சாதியாருக்கும் சொல்லிக்கொடுத்தார், வெளிநாட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தார், அதுவும் ஆங்கிலத்தில். பாடத்தின் உள்ளடக்கத்தில் இம்மியும் நகராத வைதீகர், யாருக்குப் பாடம் என்பதில் வைதீகத்தின் வேலியை ஓசைப்படாமல் பிடுங்கிப் போட்டார். பவாயில் படித்த குளோரியா அரியேரா பிரேசில் திரும்பி, போர்ச்சுகீசிய மொழியில் வேதாந்தம் நடத்தி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனைகட்டியில் படித்த இன்னொரு பிரேசில்காரர் ஜோனாஸ் மசெட்டிக்கு 2025இல் அதே விருது. டிரினிடாட்டில் பிறந்த அனந்தானந்த் ரம்பச்சன், சங்கரருக்கு வேதம்தான் பிரமாணம், அனுபவம் அல்ல என்ற வாதத்தை மேலைப் பல்கலைக்கழக ஆய்வுலகத்தில் நூலாகவே நிறுவினார். சென்னையில் சுவாமி பரமார்த்தானந்தர் பல்லாண்டுகளாக நடத்திவரும் வகுப்புகளும், தேனி சுவாமி ஓங்காரானந்தர் 2021இல் மறையும் வரை ஆற்றிய தமிழ் உரைகளும் இதே மரத்தின் கிளைகள்.

எழுத்தாளர் தயானந்தர் என்று சொல்லும்போது ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். அவர் பெயரில் இருக்கும் புத்தகங்களில் பெரும்பகுதி அவர் மேசையில் உட்கார்ந்து எழுதியவை அல்ல. வகுப்பு நடக்கும், ஒலிநாடா ஓடும், மாணவர்கள் எழுத்தாக்கித் தொகுப்பார்கள். கீதையை வீட்டிலிருந்தே படிக்க உதவும் ஒன்பது தொகுதி பாட வரிசையும் அப்படி உருவானதுதான். அதனால் அந்தப் பக்கங்களில் ஒரே கருத்து மூன்று தடவை வரும், திடீரென்று ஒரு ஜோக் வரும், எதிரில் இருந்தவர் கேட்ட கேள்விக்கான பதில் கேள்வி இல்லாமல் நிற்கும். நேர்த்தியான உரைநடை தேடுபவருக்கு எரிச்சலாக இருக்கும். உரக்கப் படித்தால் அந்த எரிச்சல் பாதி போய்விடுகிறது.

அவற்றில் சிறியதும் என் பார்வையில் சிறந்ததும் ‘தி வேல்யூ ஆஃப் வேல்யூஸ்’. கீதையின் 13ஆம் அத்தியாயத்தில் ஐந்து சுலோகங்களில் அமானித்வம் (கர்வமின்மை), அதம்பித்வம் (பகட்டின்மை) என்று தொடங்கும் 20 குணங்களுக்கான விளக்கம். நல்லவனாக இரு என்ற உபதேசம் அதில் கிடையாது. பொய் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியிருந்தும் ஏன் சொல்கிறோம் என்று கேட்கிறார். பொய்யால் வரும் பணத்தின் மதிப்பு தெரிகிறது, உண்மையின் மதிப்பு எனக்கே முழுசாகத் தெரியவில்லை, இரவல் வாங்கிய மதிப்பாக இருக்கிறது என்பது அவர் விடை. சொல்வதும் செய்வதும் வேறாகும்போது மனிதன் உள்ளுக்குள் இரண்டாகப் பிளக்கிறான், பிளந்தவனால் எந்தச் சுகத்தையும் முழுசாக அனுபவிக்க முடியாது. ஆக நஷ்டம் முதலில் தனக்குத்தான். கணக்குப் பார்த்துச் சொன்ன தர்மம்.

கர்மயோகத்துக்கு அவர் சொன்ன விளக்கம் பிரசாத புத்தி. கோயிலில் கையில் விழுவது லட்டாக இருந்தாலும் துளசி இலையாக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வினையின் பலனையும் அப்படி வாங்கிக்கொள் என்பார். ஈஸ்வரன் என்பவர் மேலே எங்கோ உட்கார்ந்து பலன் பிரித்துக்கொடுக்கும் ஆள் இல்லை அவருக்கு. பௌதிக விதிகள், உடலின் விதிகள், மனத்தின் விதிகள், கர்மத்தின் விதி என்று எங்கும் பரவியிருக்கும் ஒழுங்கே ஈஸ்வரன். அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் மேலை உளவியலோடு நெருங்கிப் பழகியதன் தடம் இங்கே தெரிகிறது. சிறு வயதில் பட்ட காயம், அதிலிருந்து வரும் கோபம், பயம் இவையும் அந்த ஒழுங்குக்குள்தான், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது பலருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் டெல்டாவில் இருந்துகொண்டு இந்தப் பிரசாத புத்தியைக் கேட்டால் ஒரு முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு. அறுக்கிற நேரத்தில் மழை வந்து சம்பா சாய்ந்துவிட்டது. இதையும் பிரசாதமாக வாங்கிக்கொள் என்றால் விவசாயி என்ன சொல்வான்? பலனை ஏற்பது வேறு, காரணத்தைக் கேட்காமல் இருப்பது வேறு என்பது தயானந்தரின் பதிலாக இருந்திருக்கும். ஒழுங்கைப் புரிந்துகொள்கிறவன் அடுத்த வினையை இன்னும் சரியாகச் செய்வான் என்பதும் அவர் பேச்சில் உண்டு. அவரும் எதையும் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தவர் இல்லையே. இருந்தாலும் இந்த உவமை சௌகரியமாக உட்கார்ந்து கேட்பவர்களிடம் எளிதாகவும், தண்ணீருக்குக் காத்திருப்பவர்களிடம் கடினமாகவும் போகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

‘போ சம்போ’ பற்றி. சமஸ்கிருதத்தில் அவர் இயற்றிய சில பாடல்களில் ஒன்று. மகாராஜபுரம் சந்தானம் பாடிப் பாடி அதை ஊரெல்லாம் கொண்டுபோனார். மகாராஜபுரம் என்பதும் தஞ்சை மாவட்டத்து ஊர்தான். ஆக டெல்டாக்காரர் எழுதி, டெல்டாப் பெயரைச் சுமந்தவர் பாடிய பாட்டு. இயற்றியவர் யார் என்று தெரியாமலே பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். குணமற்ற பரம்பொருளும் ஆடுகிற நடேசனும் அதில் அடுத்தடுத்து வருகிறார்கள். சைவ சித்தாந்த ஆதீனங்கள் சூழ்ந்த மண்ணில் பிறந்த ஓர் அத்வைதிக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்ததில் வியப்பில்லை. நடராஜன் என்ற பழைய பெயரும் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

அப்புறம் பொதுவாழ்க்கை. இங்கே அவரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் சரியாகப் பிரிந்து நிற்கிறார்கள். 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் இந்தியா வந்தபோது, மதமாற்றம் ஒரு வன்முறை என்று வாதிட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பிறகு பல மடாதிபதிகளையும் சம்பிரதாயத் தலைவர்களையும் ஒரே மேடையில் உட்கார வைக்க இந்து தர்ம ஆச்சார்ய சபையை அமைத்தார். அடுத்தவர் ஆசனத்துக்குக் கீழே உட்காராதவர்களை ஒரே வரிசையில் உட்கார வைத்ததே ஒரு சாதனை. 2007இல் டெல்லியிலும் 2008இல் ஜெருசலேமிலும் யூத மதகுருக்களோடு இந்து ஆச்சார்யர்கள் சந்தித்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளை என்று ஜெருசலேம் அறிக்கை ஏற்றுக்கொண்டது.

மதமாற்றம் பற்றிய அவர் வாதத்தில் ஒரு வலு உண்டு: ஒரு குடும்பத்தில் ஒருவன் மாறும்போது, அவனோடு போகும் சடங்கும் உறவும் பண்பாடும் யார் கணக்கிலும் வருவதில்லை என்பது. ஆனால் மாறியவனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. அந்தப் பக்கம் அவர் வாதத்தில் மெல்லியதாகத்தான் வருகிறது. நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போகும் இந்துக் குடும்பங்கள் நிறைந்த இந்தக் கடலோரத்தில், மதங்களுக்கு இடையே அவர் போட்ட கோடு அவ்வளவு நேராக ஓடவும் இல்லை.

தமிழ்நாடு, ஆந்திரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் கோயில்களை அரசு நிர்வகிக்கும் சட்டங்களை எதிர்த்து 2012இல் அவரும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வழக்கு அவரைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. 2025இல், அந்தந்த மாநில உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள் என்று சொல்லி நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

2000இல் தொடங்கிய ‘எய்ம் ஃபார் சேவா’ வேறு வகை வேலை. பள்ளிக்கூடம் எட்டாத கிராமத்து, மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு, பள்ளி இருக்கும் ஊரில் இலவச விடுதி கட்டிக்கொடுப்பது. சத்திரங்களுக்குப் பேர்போன தஞ்சைச் சீமைக்காரருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மஞ்சக்குடியில் கல்வி நிறுவனங்களோடு, பாரம்பரிய நெல் ரகங்களைப் பயிரிட்டு விதை காப்பதும், நெல் திருவிழா நடத்துவதும் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை வழியாக நடக்கின்றன. 2016இல் மறைவுக்குப் பிந்தைய பத்மபூஷண் வந்தது.

படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு: ஒன்பது தொகுதி கீதையில் நேராகக் கைவைக்க வேண்டாம், மலைத்துப்போய் மூடிவிடுவீர்கள். ‘தி வேல்யூ ஆஃப் வேல்யூஸ்’ ஒரு வாரத்தில் முடியும். ஆங்கிலம் வேண்டாம் என்றால், இந்த மரபில் படித்தவர்கள் தமிழில் நடத்திய, வேதாந்தத்தின் தொடக்கப் பாடநூலான தத்துவ போதம் வகுப்புகள் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. அதைக் கேட்டுவிட்டு ‘கைவல்லிய நவநீதம்’ பக்கம் போனால், பத்தாவது ஆளை இரண்டு இடத்திலும் பார்க்கலாம்.